நரம்பு கிடைக்குதா?

விரல் இன்னும் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்துவிட்டேன், குளித்துவிட்டேன், சட்டைப் பொத்தானை நாலு தடவை தவறவிட்டு ஐந்தாவது தடவை மாட்டிவிட்டேன், வண்ணாரப்பேட்டையிலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் வண்டியும் ஓட்டி வந்தாயிற்று, லேப் ஷட்டரைத் தூக்கி ரத்தம் எடுக்கிற நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து மணி ஆறரையும் ஆகிவிட்டது, இந்த இடது கை ஆள்காட்டி விரல் மட்டும் இன்னும் வரவில்லை. உதறிப் பார்த்தேன். தொடையில் தேய்த்தேன். வாயில் வைத்துக் கடித்தேன், பல் தெரிந்தது, விரல் தெரியவில்லை. சீ, என்ன ருசி, நேற்றைய ஸ்பிரிட்டும் ரப்பரும். மேசையில் தட்டினால் சத்தம் வருகிறது, தட்டியவன் நான்தான், ஆனால் அடுத்த அறையில் வேறு யாரோ தட்டுகிற மாதிரி இருக்கிறது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் எறும்பு. இல்லாத எறும்பு, அதனால் அடித்துக் கொல்லவும் முடியாத எறும்பு. ரெண்டு வருஷமாக இதை உடம்பில் வளர்க்கிறேன். எந்த மூட்டையும் தூக்காமலே தோள்பட்டையில் மூட்டை தூக்கிய வலி, படியேறினால் தொடையில் பலமே இல்லை, காலையில் கண் விழித்தால் யாரோ ராத்திரி முழுக்க மிதித்துவிட்டுப் போன உடம்பு. இதெல்லாம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்றால் பொறுத்துக்கொண்டேன் என்று அர்த்தமில்லை, அருவருப்பு பழகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் விரல் அப்படி இல்லை. இந்த விரல்தான் என் சோறு. ரத்தம் எடுக்கிறவனுக்கு ஊசி பிடிக்கிற கை பெரிதில்லை, தேடுகிற விரல்தான் பெரிது. தோலுக்கு அடியில் எங்கே மெத்தென்று இருக்கிறது, எங்கே அழுத்தினால் எழும்பி வருகிறது, எது தசைநார், எது ரத்தக்குழாய், அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். பதினாலு வருஷம் இந்த விரல் எனக்குப் பொய் சொன்னதில்லை. ஒத்தக் குத்து முத்து என்றுதான் இந்தப் பக்கத்தில் எனக்குப் பேர், பேச்சிமுத்து என்ற முழுப் பேர் ஆதார் கார்டில் மட்டும் இருக்கிறது. மூன்று வாரமாக விரல் வேலைக்கு வருவதில்லை, நான் மட்டும் வந்துபோகிறேன். யாருக்கும் தெரியாது.

டோக்கன் மேசையிலிருந்து ஜெபராணி அக்கா சொன்னாள், மரியபுஷ்பம் டீச்சர் போன் பண்ணினார்களாம், எட்டு மணிக்கு வருகிறார்களாம், பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் கீமோவாம், அதற்குள் ரிப்போர்ட் வேண்டுமாம். சரி என்று தலையை ஆட்டினேன். தலையை ஆட்டினால் கழுத்து வலிக்கும் என்பதை மறந்துவிட்டு ஆட்டினேன். டீச்சருக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள், அதனால் இடது கையில் ஊசியே படக்கூடாது. வலது கையில் மருந்து ஏற்றி ஏற்றி ரத்தக்குழாய் எல்லாம் காய்ந்த வயர் மாதிரி ஆகிவிட்டது. ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது, பெருவிரலுக்கு மேலே, மணிக்கட்டைத் தாண்டி, எலும்போரமாக. கண்ணால் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. நாலு மாதத்துக்கு முன்னால் என் விரல் அதைக் கண்டுபிடித்தது. ஆஸ்பத்திரியில் மூன்று பேர் குத்திப் பார்த்துக் கைவிட்ட கை அது. அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை டீச்சர் இங்கேதான் வருகிறார்கள், முத்து இருந்தால்தான் வருவேன் என்று போன் பண்ணிக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். இன்றைக்கு அதை நான் தவறாகக் குத்திக் கெடுத்துவிட்டால் ரத்தம் இல்லை, ரத்தம் இல்லையென்றால் ரிப்போர்ட் இல்லை, ரிப்போர்ட் பார்க்காமல் மருந்து ஏற்ற மாட்டார்கள். ஏற்றுவதற்கும் வேறு இடம் இல்லை. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் விரல் எழுந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்றாம் டோக்கன் ஆட்டோ ஓட்டுகிறவர், முழங்கை மடிப்பில் கயிறு கயிறாகப் புடைத்துக்கொண்டு இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ரெண்டாவது ஒரு காலேஜ் பையன், அதுவும் சுலபம், ஆனால் வாயைத் திறந்து மூச்சு விடுகிறான். வெறும் வயிற்றோடு வருகிற ஜனங்களின் வாய் நாற்றம் இருக்கிறதே, பல் தேய்த்திருந்தாலும் அது போகாது, அடிவயிற்றிலிருந்து வருகிற புளித்த நாற்றம். அதோடு எண்ணெய் நாற்றம், போர்வை நாற்றம், மூத்திரக் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து டிபன் டப்பா மாதிரி என் மேசையில் வைக்கிறார்கள், ஒரு ஆள் தீப்பெட்டியில் மலம் கொண்டுவந்து, நல்லா மூடியிருக்கேன் என்று பெருமையாக நீட்டுகிறார். முன்பெல்லாம் இது எனக்கு நாறியதே இல்லை. உடம்பு என்றால் இப்படித்தான் என்று இருந்தேன். என் உடம்பு எனக்கு நாற ஆரம்பித்த பிறகு எல்லா உடம்பும் நாறுகிறது. மூன்றாவது டோக்கன் ஒரு குண்டு அம்மாள், வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டி, எல்லோரும் கேட்கிற அதே கேள்வி, "நரம்பு கெடைக்குதாய்யா?" இந்த ஊரில் ரத்தக்குழாய் என்று ஒன்று கிடையாது. ஊசி போடுவதும் நரம்பில், ரத்தம் எடுப்பதும் நரம்பில், கையில் பச்சையாக ஓடுவதும் நரம்பு, கோபம் வந்தால் நெற்றியில் புடைப்பதும் நரம்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருத்திக்கொண்டிருந்தேன், நரம்பு வேற, ரத்தக்குழாய் வேற, நரம்புல குத்துனா கை வெளங்காமப் போயிரும் என்று ஒருவரிடம் விளக்கம் சொல்லப்போக, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். டேனியல் சார், இந்த லேப்பின் முதலாளி, உள்ளே கூப்பிட்டு, நீ வாத்தியாரா டெக்னீஷியனா என்று கேட்டார். அதிலிருந்து நானும் நரம்பு என்றுதான் சொல்கிறேன். கெடைக்கும்மா, கெடைக்காம எங்க போவும் என்று குண்டு அம்மாளின் கையில் விரலை வைத்தேன். மாவில் வைத்த மாதிரி இருந்தது. மாவு என்றுகூடத் தெரியவில்லை. மோதிர விரலை வைத்தேன், அதற்குப் பாதி உயிர் இருக்கிறது, இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் ஏதோ உருண்டது. குத்தினேன். வந்தது. அதிர்ஷ்டம். அந்த அம்மாள் ஒத்தக் குத்துன்னு சொன்னது சரியாத்தான் இருக்கு என்று சிரித்தாள். கையுறைக்குள் என் உள்ளங்கை வேர்த்து வழவழவென்று இருந்தது. முழுக் கையுறை போட்டே எடுக்கிறேன் இப்போது, பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக. முன்பு விரல் நுனியை மட்டும் கிழித்துவிட்டுப் போடுவேன், தோலோடு தோல் பட்டால்தான் தெரியும் என்பதால். இப்போது எதுவும் தெரியாது என்பதால் முழுசாகப் போடுகிறேன். போன வாரம் டேனியல் சார் அதைப் பார்த்துவிட்டு, முத்துவிடம் சுத்தத்தைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் கேட்க ஜெபராணி அக்காவிடம் சொன்னார்.

நரம்பு. ஊரார் கையிலெல்லாம் நரம்பு தேடுகிறவனுக்கு நரம்பில் கோளாறு. கோளாறும் இல்லையாம், அதுதான் வேடிக்கை. என் ரத்தத்தை நானே எடுத்து, எங்கள் மெஷினிலேயே போட்டு, தைராய்டு, வாதம், சுகர், பி-பன்னிரண்டு, இருக்கிற எல்லா டெஸ்ட்டும் பார்த்து, என் பேரை நானே டைப் அடித்து, எதிரே நார்மல் நார்மல் நார்மல் என்று நானே அடித்தேன். ஆயிரம் பேருக்கு அடித்த வார்த்தை, ஆயிரம் பேர் அதைப் பார்த்துச் சாமிக்கு விளக்குப் போடப் போனார்கள். எனக்கு அந்தத் தாளைக் கசக்கி எறியத் தோன்றியது. நரம்பில் கரண்ட் விட்டுப் பார்க்கிற டெஸ்ட்டும் பார்த்தார்கள், அதுவும் நார்மல். கடைசியில் ஒரு டாக்டர் உடம்பில் பதினெட்டு இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினார், பதினாலு இடத்தில் கத்தினேன். வலி உண்மைதான், ஆனால் டெஸ்ட்டில் தெரியாது என்று சொல்லி, ஒரு பேரை எழுதிக் கொடுத்தார். ஃபைப்ரோமயால்ஜியா. மாத்திரை, நடை, தூக்கம் என்றார். பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வரும் என்று கூடவே ஒரு வார்த்தையும் சொன்னார், எதற்குச் சொன்னாரோ. இந்தப் பேரைக் கொண்டுபோய் சங்கரன்கோவிலில் மாமனார் வீட்டில் எப்படிச் சொல்வது. அவர்கள் தீபாவளிக்கு, என்ன மாப்ளே இப்படி மெலிஞ்சிட்டிய என்று கேட்டபோது, நரம்புல கொஞ்சம் பிரச்சினை என்று சொல்லிவைத்தேன். அந்த நிமிஷம் மாமியார் முகம் மாறியது, மாமனார் விசிறியை எடுத்தார், மச்சினன் வேலாயுதம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெளியே போனான். எனக்குப் புரியவே இல்லை. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஒதுங்கப் போனபோது எதிரே சுவரில் மஞ்சள் நோட்டீஸ், நரம்புத் தளர்ச்சியா, தயங்க வேண்டாம், ரகசியம் காக்கப்படும். மூத்திர நாற்றத்துக்கு நடுவே நின்று அதைப் படித்த பிறகுதான் மாமியார் முகம் ஏன் மாறியது என்று தெரிந்தது. அதற்கு மேல் நான் என்ன விளக்கம் சொன்னாலும் அசிங்கம். மாசாமாசம் முதல் செவ்வாய்க்கிழமை தென்காசியில் லாட்ஜில் ரூம் போட்டு ஒரு வைத்தியர் வருவாராம், வேலாயுதம் போய்ப் பார்த்து, எனக்கென்று சொல்லாமல் நண்பருக்கென்று சொல்லி, கறுப்பாக ஒரு லேகியம் வாங்கிவந்து பழுப்புக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தான். என் முகத்தைப் பார்க்காமல், நாப்பது நாள் பால்ல கலக்கிச் சாப்பிடுங்க அத்தான், அக்காட்ட நான் ஒண்ணும் சொல்லல என்றான். அவன் அக்கா செல்விதான் என் மனைவி. தூக்கி எறிந்திருக்க வேண்டும். நாற்பது நாளும் சாப்பிட்டேன். பழைய வெல்லமும் கட்டெறும்பும் சேர்த்து அரைத்த மாதிரி ஒரு ருசி. ஏன் சாப்பிட்டேன் என்றால், அத்தனை நார்மலுக்கு நடுவில் அவன் ஒருத்தன்தான் எனக்கு ஏதோ நோய் இருக்கிறது என்று நம்பி அலைந்திருக்கிறான். தப்பான நோய்தான். ஆனாலும் நம்பினான். இதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே ஓங்கரிப்பு வருகிறது.

ஏழாவது டோக்கன் கையை நீட்டும்போது டியூப் கையைவிட்டு நழுவியது. நழுவியது எனக்குத் தெரியாது, தரையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் கையைப் பார்த்தேன், காலியாக இருந்தது. நேற்று வீட்டில் தம்ளர் இப்படித்தான் விழுந்தது. செல்வி ஒன்றும் சொல்லாமல் துடைத்தாள், அவள் ஒன்றும் சொல்லாதது எனக்கு எரிச்சல். சொல்லியிருந்தாலும் எரிச்சல். ரெண்டு வாரத்துக்கு முன்னால் ஒருநாள் ஒன்பது வயசு மகள் செண்பா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது, பிள்ளையின் கை பட்ட இடமெல்லாம் வெந்த புண்ணில் பட்ட மாதிரி எரிந்தது, தள்ளிவிட்டேன். மெதுவாகத்தான் தள்ளினேன் என்று நினைத்தேன், என் கை எவ்வளவு தள்ளியது என்று என் கைக்குத் தெரியவில்லை, பிள்ளை போய்க் கட்டிலில் இடித்துக்கொண்டது. இப்போதெல்லாம் அது கிட்ட வருவதற்கு முன்னால், அப்பா இன்னிக்குத் தொடலாமா என்று கேட்கிறது. கரண்ட் கம்பியைக் கேட்கிற மாதிரி. இதற்கு மேல் ஒரு உடம்பு எவ்வளவு கேவலமாக முடியும். போர்வை வலிக்கிறது, தொட்டால் வலிக்கிறது, தொட வேண்டிய விரலில் மட்டும் வலியும் இல்லை ஒன்றும் இல்லை. உருண்டுபோன டியூபை ஜெபராணி அக்கா வந்து குனிந்து எடுத்து, குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, புது டியூப் ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. தலையில் தேங்காயெண்ணெயும் பவுடரும் கலந்த வாடை, அவள் போன பிறகும் அரை நிமிஷம் நின்றது. அந்த வாடையும் எனக்குப் பிடிக்காது. பிடிக்காததற்கு வாடை காரணமில்லை.

காரணம் எனக்குத் தெரியும். அக்கா என்னைவிட ஆறு வயசு மூத்தவள், நான் படித்த அதே படிப்பைத்தான் படித்தவள், புருஷன் போன பிறகு இங்கே வேலைக்கு வந்தாள். வந்த முதல் மாதம் ரெண்டு பேரும் ரத்தம் எடுத்தோம், ஒரு நாற்காலி, மாற்றி மாற்றி. அவளுடைய விரல் நல்ல விரல். அதை நான் முதல் நாளே பார்த்துவிட்டேன், பார்த்ததும் எனக்குப் பிடிக்காமல் போனது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கைக்குழந்தைக்கு எடுக்கும்போது அவளுக்கு ரெண்டு தடவை தவறிவிட்டது, குழந்தையின் அம்மா கூப்பாடு போட்டாள், யாருக்கும் தவறக்கூடியதுதான், எனக்கும் தவறியிருக்கிறது. சாயங்காலம் டேனியல் சார் கேட்டார், ஜெபராணி எப்படி என்று. நான் சொன்னேன், அக்காவுக்குக் கை நடுங்குது சார். அவ்வளவுதான் சொன்னேன், நாலே வார்த்தை. நடுங்கவில்லை. மறுநாள் அவளுக்கு டோக்கன் மேசையும் ஒரு பேனாவும் கொடுத்தார்கள். யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் எனக்கு எதிரே ஏழடி தூரத்தில் உட்கார்ந்து பேரும் வயசும் எழுதுகிறாள், எழுதும்போது அந்தக் கையை நான் பார்க்காமல் இருக்க முடியாது, கோடு போட்ட மாதிரி எழுத்து. நடுங்குகிற கை யாருடையது என்று இப்போது யாராவது டேனியல் சாரிடம் சொல்ல வேண்டும். சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

ஒன்பதாவது டோக்கனில் போன வாரத்துக் கிழவர் திரும்ப வந்திருந்தார், ரிப்போர்ட்டில் ஏதோ சந்தேகமாம், இன்னொரு தடவை எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். சட்டைக் கையை மடித்தபோது முழங்கைக்கு உள்ளே நான் மூன்று தடவை குத்திய இடம் கத்திரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவி, ஓரம் மஞ்சளாகி இருந்தது. எனக்கு வாயில் உப்பு நீர் ஊறியது. அன்றைக்கு ரெண்டாவது குத்துக்கு அப்புறம் அவரே சொன்னார், என் நரம்பு சரியில்ல தம்பி, உங்களுக்குத்தான் செரமம். எல்லோரும் இப்படித்தான், குத்து வாங்குகிறவர்கள்தான் மன்னிப்புக் கேட்பார்கள், என் கை குண்டு, என் நரம்பு உள்ளே போயிட்டு, நேத்து தண்ணி குடிக்கல என்று. நானும், ஆமா, ஒங்க நரம்பு சரியில்லதான் என்று சொல்லிவிட்டு மூன்றாவது தடவை குத்தினேன். எழுபது வயசு மனுஷரின் கையில் என் பொய் ஒரு வாரமாக நிறம் மாறிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு அடுத்த கையில் எடுத்தேன், கண்ணால் பார்த்து, புறங்கையில், மெல்லிசாக ஒன்று ஓடியது, அவருக்கு நிறைய வலித்திருக்கும். ஒத்தக் குத்து என்று அவரும் சிரித்தார். நான் பத்தாவது டோக்கனைக் கூப்பிட்டேன்.

எட்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது டீச்சர் வந்துவிட்டார்கள். தலையில் பருத்தித் துணி, கையில் குடை, உதட்டோரம் வெடிப்பு. நகமெல்லாம் கறுத்திருக்கிறது. கீமோ ஏறுகிற உடம்புக்கு ஒரு வாடை உண்டு, துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்த மாதிரி, குழந்தை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் அது தெரியும். பெஞ்சில் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். டீச்சர் உட்கார்ந்து, வலது கையைப் பெருவிரல் மேலே வருகிற மாதிரித் திருப்பி மேசையில் வைத்தார்கள். நரம்பு கிடைக்குதா என்று கேட்காத ஒரே ஆள் அவர்கள்தான். அறிவியல் டீச்சர், இருபது வருஷம் எட்டாம் வகுப்புக்கு உடம்பைப் பற்றிப் பாடம் எடுத்தவர்கள், சிரை என்றுதான் சொல்வார்கள். "நம்ம சிரை இருக்கா பாருங்க முத்து" என்றார்கள். நம்ம சிரை. கையுறையைக் கழற்றினேன். முழங்கைக்குக் கீழே ரப்பர் பட்டையைக் கட்டினேன், முடிச்சு ரெண்டு தடவை அவிழ்ந்தது. விரலை வைத்தேன். ஒன்றும் இல்லை. எலும்பு இருக்கிறதா, தோல் இருக்கிறதா, கையே இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை, மரக்கட்டையை வைத்து மரக்கட்டையைத் தேடுகிறேன். மோதிர விரலை வைத்தேன். அதிலும் எறும்பு மட்டும் ஓடியது. நேரம் போகிறது, பட்டையை ரொம்ப நேரம் கட்டி வைக்கக்கூடாது. எனக்கு இடம் ஞாபகம் இருக்கிறது, எலும்போரமாக ஒரு விரல் அகலம், அங்கே குத்தினால் வந்தாலும் வரும். வராவிட்டால் ஒங்க சிரை சரியில்ல டீச்சர் என்று சொல்லலாம், அவர்களும் ஆமாம் என்பார்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். பஞ்சால் துடைத்தேன். ஊசியின் மூடியைப் பல்லால் இழுக்காத குறையாக எடுத்தேன். இருக்கு டீச்சர் என்று என் வாய் சொன்னது. டீச்சர் சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்மேல் சந்தேகமே இல்லாத முகம், அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் கையை வெட்டி எறியலாம் போல இருந்தது. அந்தக் கத்திரிக்காய் நிறம் இந்த மணிக்கட்டில் பரவுவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஊசியைத் தட்டில் வைத்தேன். பட்டையை அவிழ்த்தேன்.

"டீச்சர், நீங்களே வெரல வச்சு எங்கன மெத்துன்னு இருக்குன்னு சொல்லுங்க. எனக்கு வெரல்ல உணர்ச்சி இல்ல."

பெஞ்சில் யாரோ இருமியது நின்றது. டீச்சர் என் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் விரலைப் பார்த்தார்கள், அப்புறம் தங்கள் இடது கையின் ஆள்காட்டி விரலை, கறுத்த நகத்தோடு, என் விரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் நகர்த்தினார்கள். பிறகு சிரித்துவிட்டார்கள்.

"எனக்கும் இல்ல முத்து. மருந்த மாத்துனதுல இருந்து பத்து வெரலும் மரத்துப் போச்சு. சிரை இருக்கு, நரம்புதான் போயிட்டு."

நரம்பு என்ற வார்த்தையை நரம்புக்கு ஒருவர் சொல்லி நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. எனக்கும் நரம்புதான் டீச்சர் என்றேன். அவர்கள் முகம் மாறவில்லை, தொண்டையைக் கனைக்கவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டார்கள், என்ன பேர் சொல்கிறார்கள் என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே முதல் தடவையாக அந்தப் பேரை முழுசாகச் சொன்னேன், நடுவில் நாக்குத் தட்டியது, டீச்சர் அதை எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகத் திருப்பிச் சொன்னார்கள், ஃபைப்ரோ, மயால்ஜியா. அய்யோ பாவம் என்று சொல்லவில்லை. மணி எட்டு ஐந்து என்று மட்டும் சொன்னார்கள். மணிக்கட்டில் ரெண்டு செத்த விரல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அக்கா என்று கூப்பிட்டேன். சத்தமாகக்கூட இல்லை. பேனாவை மூடுகிற சத்தம் உடனே கேட்டது, இத்தனை நாளும் அதை மூடக் காத்திருந்தவள் போல. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பதினாலு வருஷத்து நாற்காலியில் என் சூடு இருக்கும், அதன்மேலேயே உட்கார்ந்தாள். பட்டையை ஒரே சுற்றில் கட்டினாள். பேனா மை ஒட்டிய விரலை வைத்து, கண்ணை மூடி, கொஞ்சமும் அவசரப்படாமல் தேடினாள். "இங்கன இருக்கு" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது, நன்றாகவே எரிந்தது. ஊசியை எடுத்தவள் குத்தவில்லை. என் பக்கம் திரும்பாமல், டீச்சர் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எங் கை நடுங்குதான்னு பாத்துச் சொல்லுங்க தம்பி."

பெஞ்சில் பதினோரு பேர் இருந்தார்கள். சத்தம் நின்றுபோனதால் டேனியல் சாரும் உள் கதவில் வந்து நின்றுகொண்டிருந்தார். அவளுக்கு எல்லாம் தெரியும், மூன்று வருஷமாகத் தெரியும், தெரிந்துகொண்டே நான் கீழே போட்ட டியூபை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஊசி நுனியைப் பார்த்தேன், நன்றாகப் பார்த்தேன்.

"நடுங்கலக்கா. அன்னைக்கும் நடுங்கல."

அவள் குத்தினாள். டியூபில் ரத்தம் கறுப்பாக ஏறியது, ஒத்தக் குத்து. பட்டையை அவிழ்த்து, பஞ்சை வைத்து, ஊசியை எடுத்து, டியூபை மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்து டேனியல் சாரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார், என்னிடம் பேச வேண்டியது அப்புறம் இருக்கிறது என்பது அந்தப் பார்வையில் இருந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. அடுத்த டோக்கன் யாரு என்று கேட்டாள். நானும் டீச்சரும் பெஞ்சோரத்துக்கு நகர்ந்தோம், பஞ்சின் மேல் என் விரலும் அவர்கள் விரலும் இருந்தன, அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

"அழுத்துதீங்களா முத்து?"

"அழுத்துதேன்னுதான் நெனைக்கேன். நீங்க?"

அவர்களும் அப்படித்தான் நினைப்பதாகச் சொன்னார்கள். பஞ்சைத் தூக்கிப் பார்த்தோம். ரத்தம் நின்றிருந்தது.